தவிடு கொடுத்தது நான்

அரூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த புளி மண்டி ஒன்று இருக்கிறது. அதை நான் கட்டினேன். அதற்குப் பின்னால் கரும்பாறையைப் பிளந்துகொண்டு இறங்கும் கிணறு, அதையும் நான்தான் வெட்டினேன். அங்கே தண்ணீர் வராது என்று ஊரே சொன்னது. வந்தபோது, சொன்னவர்கள்தான் முதலில் குடத்தோடு நின்றார்கள். யுத்தம் முடிந்த கையோடு நெல் அரைக்கும் மில் வைத்தேன். அதன் எஞ்சின் சேலத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. வழியில் அச்சு முறிந்து, நடு ரோட்டில் நானே ஒரு வேப்ப மரத்தை அறுத்துப் புது அச்சு போட்டேன். பெண்பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் ஒழுகிய கீற்றைப் பிரித்துவிட்டு மங்களூர் ஓடு போட்டேன். இவ்வளவையும் செய்தவன் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பன் சொத்து என்று எனக்கு வந்தது புளியங்கொட்டை தட்டுகிற சுத்தியல் ஒன்றுதான். அதன் பிடியும் ஆடிக்கொண்டிருந்தது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் பெருமைப்படுவது ஒரு புத்தகத்தைப் பற்றி. குழந்தைகள் படிக்கிற கதைப் புத்தகம். மடித்தால் சட்டைப் பையில் போகும். அதையும் நான்தான் கட்டினேன் என்றால் சிரிக்கிறார்கள். அட்டையில் இருப்பது ஒரு டீச்சரம்மாவின் பெயர். என் பெயர் எங்கும் இல்லை. அதனால்தான் எழுத்துக் கூட்டி இதை எழுதுகிறேன். பிழை திருத்துகிறவள் என் மகள். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "அப்பா, ஒரே உங்க பெருமையா இருக்குது" என்றாள்.

"இருக்கிறதைத்தானே சொல்றேன்."

அவள் விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். அந்த மகளைப் பற்றியதுதான் அந்தப் புத்தகம்.

அப்போது எங்கள் ஊர் சேலம் ஜில்லாவில் இருந்தது. எனக்கு மண்டி இருந்தது. ஓடு இன்னும் வரவில்லை. எங்களுக்கு முதலில் பிறந்த குழந்தை தங்கவில்லை. அடுத்ததும் பிறந்து சில நாளில் போய்விட்டது. பால் கட்டிக்கொண்டு என் மனைவி சுவரில் சாய்ந்து கிடந்த அந்த வாரம், சந்தை நாளன்று, சித்தேரி மலையிலிருந்து எனக்குப் புளி கொண்டுவருகிற ஒருவர் வந்தார். தோளில் காவடித் தடி. ஒரு பக்கத்துக் கூடையில் புளி. மறுபக்கத்துக் கூடையில் பழைய துணி விரித்து ஒரு கைக்குழந்தை. எடை சாயாமல் இருக்கக் குழந்தையின் காலடியில் ஒரு கல்லும் வைத்திருந்தார்.

"என்னய்யா இது?" என்றேன்.

"என் புள்ளைதானுங்க. இதோட ஆத்தா காய்ச்சல்ல போயிட்டா. மலையில இன்னும் புள்ளைங்க இருக்குது. ஆட்டுப்பாலு குடுத்தா துப்புது. உங்க வூட்ல பாலு இருக்குதுன்னு சந்தையில பேசிக்கிட்டாங்க."

வியாபாரத்தில் பேரம் பேசாமல் நான் எதையும் வாங்கினதில்லை. அன்றைக்கு மட்டும் பேரம் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மனைவியின் மடியில் போட்டேன். அது குடித்தது. துப்பவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைகள் தங்காத வீட்டில் பிறகு ஒன்று பிறந்தால், அதை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். தவிட்டு விலைக்குப் போன பொருளை எமன் மதிக்கமாட்டான், விட்டுவிடுவான் என்று நம்பிக்கை. அது ஒரு பாவனைதான். பிள்ளை அதே வீட்டுப் பிள்ளை. நாங்கள் அதை நிஜமாகவே செய்தோம். என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தவுடு குடுங்க, சும்மா வாங்கக் கூடாது" என்றாள். முறம் நிறைய நெல்லுத் தவிட்டை அந்த மனிதரின் துணியில் கொட்டினேன். அவர் மூட்டையாகக் கட்டிக் காலிக் கூடையில் வைத்துக்கொண்டு மலையேறினார். கல்லை மட்டும் மண்டியில் விட்டுப் போனார்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? என் பங்காளி ஒருவன் வந்து வாசலிலேயே நின்றான். "எடுக்கிறதுதான் எடுக்கறே, என் பசங்கள்ல ஒருத்தனை எடுத்துக்க. பொட்டப்புள்ளைய, அதுவும் மலையில பொறந்ததை, எவனாவது தத்து எடுப்பானா?"

"தத்துன்னு நீதான் சொல்றே. நான் புள்ளைன்னு சொல்றேன்" என்றேன்.

அதற்குப் பிறகு சாதிசனத்தில் பல பேர் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் வந்ததும் மறுபடி நனைத்தார்கள்.

இப்போது எங்கள் பிசகைச் சொல்ல வேண்டும். தவிட்டு வழக்கம் இருக்கிற ஊரில் அது எல்லா வீட்டிலும் வேடிக்கைப் பேச்சாகவும் இருக்கும். பிள்ளை அடம் பிடித்தால், "உன்னைத் தவுட்டுக்கு வாங்கினோம், திருப்பிக் குடுத்துடுவேன்" என்பார்கள். பிள்ளையும் சிரிக்கும். என் மனைவி முதல் நாளிலிருந்தே மகளிடம் ஒளிக்கக் கூடாது என்று நினைத்தவள். தலை வாரும்போதும் சோறு ஊட்டும்போதும், "உன்னைத் தவுட்டுக்கு வாங்கினோம் கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். சொல்லிவிட்டோம் என்று நாங்கள் இருந்தோம். எல்லா வீட்டிலும் சொல்கிற வேடிக்கை என்று அவள் இருந்தாள். இப்படியே அவளுக்கு ஏழெட்டு வயதாகிவிட்டது.

அப்போதுதான் டீச்சரம்மா எங்கள் ஊருக்கு வந்தார். தெற்கே எங்கேயோ பிறந்தவர். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பிறகு படித்து வேலைக்கு வந்தவர். ஒரு தகரப்பெட்டி நிறையக் குழந்தைகள் புத்தகம் வைத்திருந்தார். மற்ற பள்ளிகளில் புத்தகம் பீரோவில் பூட்டிக் கிடக்கும். இந்த அம்மா பிள்ளைகள் கையில் கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டு போ. சோறு சிந்தினா பரவாயில்லை. படிக்காம மட்டும் கொண்டு வராதே" என்பார். இவர் கதை படிக்கும்போது புலி வந்தால் முதல் வரிசைப் பிள்ளைகள் பின் வரிசைக்கு ஓடிவிடும். ஓட்டு வேலையை மேற்பார்வை பார்க்கப் போன நான், எத்தனையோ முறை ஏணியில் நின்றபடியே கதை முடிகிறவரை கேட்டிருக்கிறேன். வேலையாட்கள் கீழே இருந்து சிரிப்பார்கள்.

யுத்தத்தின் கடைசி வருஷங்களில் ஒரு நாள் மகள் ஒரு புத்தகம் கொண்டு வந்தாள். ஒரு ராஜாவின் பிள்ளை குழந்தையிலேயே காட்டில் தொலைந்து போகிறான். ஆடு மேய்க்கிற புருஷனும் பெண்சாதியும் எடுத்து வளர்க்கிறார்கள். வளர்ந்த பிறகு தோளில் இருக்கிற மச்சத்தைப் பார்த்து ராஜா கண்டுபிடிக்கிறார். இடையனுக்குப் பொன்மூட்டை கிடைக்கிறது. பையன் குதிரையில் அரண்மனைக்குப் போகிறான். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

மகள் அதை அடுப்பங்கரையில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். இடைச்சி பையனிடம், நீ என் வயிற்றில் பிறக்கவில்லை என்று சொல்கிற இடம் வந்ததும் விளையாட்டாகக் கேட்டாள். "அம்மா, நீயும் அந்தப் பொம்பளை மாதிரி சொல்லு, பாக்கலாம்."

"தெனமும் சொல்றதுதானே. தவுட்டுக்கு வாங்கினோம்னு."

"அது எல்லார் வூட்லயும் சொல்றது."

என் மனைவி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எல்லார் வூட்லயும் சும்மா சொல்றாங்க. நம்ம வூட்ல நெசமாவே குடுத்தோம் கண்ணு" என்றாள்.

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். மகள் அம்மாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. புத்தகத்தில் இருந்த மச்சத்துப் படத்தை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

அதிலிருந்து பிள்ளை மாறிவிட்டது. அழுதிருந்தால் சமாளித்திருப்போம். அழவில்லை. மச்சம் இருக்கிறதா என்று தோளையும் முதுகையும் கண்ணாடியில் பார்த்தாள். சந்தை நாளில் மண்டி வாசலில் நின்று, மலையிலிருந்து வருகிறவர்களை விட்டுவிட்டு, குதிரை வண்டியில் வருகிறவர்களை உற்று உற்றுப் பார்த்தாள். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "ராஜா வந்து பொன்மூட்டை குடுத்தா நீங்க வாங்கிக்குவீங்களா?"

"எதுக்கு வாங்கறோம்?" என்றாள் என் மனைவி.

"புஸ்தகத்துல வாங்கிக்கிட்டாங்க. வாங்கிக்கிட்டுச் சிரிச்சாங்க. படம் கூட இருக்குது."

அன்றைக்கு என் மனைவி சாப்பிடவில்லை. "அந்தப் புஸ்தகத்தை அடுப்புல வெக்கட்டுங்களா?" என்று என்னிடம் கேட்டாள். பள்ளிக்கூடப் புத்தகத்தை எரித்தால் ஓடு போட்டவனுக்கு மரியாதையா? நான் அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சரம்மாவிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன்.

"புள்ளைங்க படிக்கிற புஸ்தகமாம்மா இது? வளத்தவன் மூட்டைய வாங்கிக்கிட்டுச் சிரிக்கிறான். எங்கூட்ல சோறு எறங்கலை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "உட்காருங்க" என்று முக்காலியைக் காட்டினார். நடந்ததை எல்லாம் கேட்டார். கேட்டு முடித்ததும் தகரப்பெட்டியை நடுவில் இழுத்துப்போட்டு, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து எனக்குப் படித்துக் காட்டினார். வேறு யாராயிருந்தாலும் எனக்குப் புரியாது என்று விட்டிருப்பார்கள். இவர் எனக்கும் புலி குரல் போட்டுத்தான் படித்தார். ஒன்றில், எடுத்து வளர்த்த பிள்ளை கடைசியில் ராஜா மகள். ஒன்றில், வளர்த்தவள் கொடுமைக்காரி. இன்னொன்றில், அநாதைப் பையன் யாருடைய வீட்டிலும் ஒட்டாமல் சாமியாராகப் போகிறான். கடைசியாகப் பாடப் புத்தகத்தை எடுத்தார். காக்கைக் கூட்டில் பொரிந்த குயில் குஞ்சு. குரல் வேறு என்று தெரிந்ததும் காக்கை கொத்தி விரட்டுகிறது.

"இதை வருஷா வருஷம் நான்தான் நடத்துறேன்" என்றார். "உங்க பொண்ணும் இருந்து கேட்டா. நான் பறவைப் பாடம்னு நினைச்சு நடத்தினேன். அவ இப்ப அதை எப்படி நினைச்சுப் பாப்பாளோ."

"வளந்த வூட்லயே புள்ளை இருந்துச்சுன்னு ஒரு கதை கூடக் கெடையாதாம்மா?"

"என் பெட்டியில இல்லை."

"சேலத்துல இருக்குமா?"

"இருந்தா என் பெட்டிக்கு வந்திருக்கும்."

"அப்ப நீங்க எழுதுங்க" என்றேன். இதைக் கவனிக்க வேண்டும். எழுதச் சொன்னது நான்.

அவர் புத்தகங்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினார். "எழுதலாம். ஆனா அவ கதை என்னன்னு முதல்ல அவளுக்குத் தெரியணும். இப்ப அவளுக்குத் தெரிஞ்சது இந்த ராஜா கதை மட்டும்தான். புத்தகத்தைப் பிடுங்கினா அது நிஜம்னு ஆயிடும். நீங்க போய் அவ அரண்மனையைக் காட்டுங்க."

அவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. நான் பல வக்கீல்களிடம் யோசனை கேட்டிருக்கிறேன். எவரும் இந்த அம்மாவின் கால்பங்கு வரமாட்டார்கள்.

சித்தேரிக்கு அன்று ரோடு கிடையாது. அடிவாரம்வரை வண்டி, அப்புறம் கால்தான். மனைவி வரவில்லை. கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். "அவளாத் திரும்பி வந்தா வரட்டும். நான் கூட வந்து இழுத்துக்கிட்டு வந்தேன்னு இருக்க வேணாம்" என்றாள். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வண்டியில் ஏறினாள்.

ஏற்றத்தில் என் தோளில் உட்கார்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

"மதில் இருக்குமாப்பா?"

"பாறை இருக்குது."

"யானை?"

"கரடி இருக்குது."

"அப்ப அது அரண்மனை இல்லையா?"

"போய்ப் பாத்துட்டு நீயே சொல்லு."

நாங்கள் போனபோது அந்த மனிதர் களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தார். என்னையும் தோளில் இருந்தவளையும் பார்த்ததும் அடிப்பதை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

மகள் குனிந்து என் காதில், "இவரு தேன் குடுக்கிறவராச்சே" என்றாள்.

சந்தைக்கு வரும்போதெல்லாம் அவர் தேனடையில் ஒரு துண்டு இலையில் மடித்து மகள் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு அவள் தின்று முடிகிறவரை மண்டிப் பக்கம் ஏதாவது வேலை பார்ப்பது போல நிற்பார். குதிரை வண்டியில் ராஜாவைத் தேடினவள் தேன்காரரைக் கவனிக்கவில்லை.

"எறக்கி வுடுங்க, காலைப் பாக்கறேன்" என்றார் அவர். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். மகளுக்குக் கால் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். அவர் தன் காலை அவள் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே விரல். மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த மூத்த மகளைக் கூப்பிட்டார். அவளும் வந்து காலை வைத்தாள். அதே விரல். மற்றப் பிள்ளைகளும் ஓடி வந்து புழுதியில் கால்களை வரிசையாக வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மச்சம் இல்லீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"மச்சம் எதுக்கு? வெரலு இருக்குதே."

அவள் குனிந்து அந்தக் கால்களையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "என்னை எதுக்குக் குடுத்தீங்க?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அவர் எனக்கு முன்னால் பேசிவிட்டார். "உங்க ஆத்தா செத்துப் போனா. நீ ஆட்டுப்பாலைத் துப்பினே. நாளுக்கு நாள் எளைச்சே. கீழ அந்தம்மா பாலை வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தாங்க. கூடையில வெச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். வேற எனக்கு ஒண்ணும் தெரியலை."

"தவுடு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்களே. மொறம் நெறைய."

"நல்ல தவுடா?"

"நெல்லுத் தவுடு. நாங்க நெல்லைப் பாக்கறதே அபூர்வம். ஆட்டுக்கு வெச்சேன். செனையா இருந்துச்சு. நல்லாத் தின்னுட்டு ரெட்டைக்குட்டி போட்டுச்சு. அந்த வழியில வந்ததுதான் அதோ, வேலியில ஏறி நிக்குதே, அது."

வேலிமேல் முன்னங்காலை வைத்துக்கொண்டு ஒரு கிடாக்குட்டி கொழுந்து கடித்துக்கொண்டிருந்தது. மகள் அதையே பார்த்தாள்.

"நீங்க என்னைத் திருப்பிக் கேப்பீங்களா?"

"தவுட்டை ஆடு தின்னுடுச்சே ஆத்தா. இனிமே எப்படிக் கேக்கறது?" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் தோள் துண்டை எடுத்து முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "இவரு பொன்மூட்டை குடுத்தா?"

"இவர்கிட்ட இருக்கிறது சாமை மூட்டை. அதுக்கு நான் போன வாரமே வெலை பேசிட்டேன்" என்றேன்.

களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். புத்தகம் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அன்று அங்கேயே தங்கினோம். அக்காக்காரிகளுக்கு நடுவில் படுத்து, காலையில் சாமைக் கஞ்சி குடித்துவிட்டு, கிடாக்குட்டியின் காதில் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டேன். "பேரு வெச்சேன். ராஜான்னு. இங்க ராஜாவே இல்லையில்ல" என்றாள்.

வண்டி எங்கள் தெருவில் திரும்பும்போது மனைவி அதே வாசற்படியில் இருந்தாள். மகள் வண்டி நிற்கிறதற்குள் குதித்து ஓடினாள். "அம்மா, அங்க ராஜா இல்ல. தேன் குடுக்கிறவருதான். என் காலு அவரு காலு. தவுட்டை ஆடு தின்னுடுச்சு, அதனால கேக்க முடியாதாம்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு, "பசிக்குது" என்றாள்.

என் மனைவி எழுந்து உள்ளே போய்ச் சோறு போட்டாள். தனக்கும் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் டீச்சரம்மாவிடம் போனோம். நடந்ததை நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தி, "அவ சொல்லட்டும்" என்றார். மகள் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பல வாரம் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். எழுதினதை வகுப்பில் படித்துப் பார்த்து, பிள்ளைகள் நெளிகிற இடத்தைக் கோடு போட்டு எடுத்துவிடுவார். பிள்ளைகளுக்கு எழுதுவது கிணறு வெட்டுகிற வேலைதான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மேலே தெரிகிறது கொஞ்சம். அள்ளிக் கொட்டினது மலை மாதிரி.

கதை வெகு அழகாக வந்தது. காவடித் தடி, ஒரு பக்கம் புளி, ஒரு பக்கம் குழந்தை என்று தொடங்குகிறது. காலடியில் இருந்த கல்லைக்கூட விடவில்லை. வளர்த்தவளைத் தேவதை என்றும் எழுதவில்லை, கொடுமைக்காரி என்றும் எழுதவில்லை. தலை வாரும்போது சிக்கு இழுத்தால் பிள்ளை கத்துகிறது, அவ்வளவுதான். பெற்றவரையும் பாவி ஆக்கவில்லை. அவர் கூடையைத் தோளில் வைக்கிற இடம் வந்தால் இன்றைக்கும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் மறுபடி எடுக்கிறேன். ஆனால் கடைசியில், அந்தச் சிறுமி மலையை மறந்து கீழே சந்தோஷமாக வாழ்ந்தாள் என்று முடித்திருந்தார்.

"மறக்கலியேம்மா. ஆட்டுக்குப் பேரு வெச்சுட்டு வந்திருக்கா" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். "ஆமா. அவளை ஒரு வீட்டுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டேன். வேற எப்படி முடிக்கலாம்?"

"முடிக்கவே வேணாம். புளி வர்ற மாசம் மேல போவா, கஞ்சி குடிப்பா, கீழ வருவா. இதுதானே நடக்கப் போவுது?"

டீச்சரம்மா அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதினார். மேலே போனாள், கஞ்சி குடித்தாள், கீழே வந்தாள். புத்தகத்தின் கடைசி வரி அதுதான். படித்தவர்கள் பல பேர் அந்த வரியைத்தான் சிலாகிக்கிறார்கள். அது என் வாயிலிருந்து வந்தது.

அச்சுப் போடச் சேலத்துக்குப் போனால், யுத்தத்தால் காகிதம் இல்லை என்றார்கள். எனக்குப் புளி வாங்குகிற பெங்களூர் வியாபாரி ஒருவர் மூலம் தேடிப் பிடித்து, ரயிலில் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வரவழைத்து, அச்சுக்குப் போகிறவரை என் மண்டியில் வைத்திருந்தேன். முதல் அச்சுப் புத்தகத்தை முகர்ந்தால் புளி வாசம் அடிக்கும். பிள்ளைகளுக்கு அது பிடித்தது.

படம் போட்டவர் சிறுமிக்கு ஷூ மாட்டி வரைந்திருந்தார். மகள் அதைப் பார்த்துவிட்டு, "இது நான் இல்ல" என்றாள். "ஷூ போட்டா வெரலு எப்படித் தெரியும்?" டீச்சரம்மா உடனே, "அவ சொல்றது சரி. கதையே அந்தக் கால்ல இருக்கு" என்றார். நான் திரும்பச் சேலத்துக்குப் போய், என் சொந்தச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, விரல் எப்படி இருக்க வேண்டும் என்று என் காலைக் காட்டி வரையச் சொன்னேன். என் விரல் நீளம் இல்லை. "இதைவிட நீட்டிப் போடுங்க" என்றேன். போட்டார். அந்தப் படத்தில் பாதி என் கால்.

புத்தகம் தெருவுக்கு வந்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அது வரைக்கும் பங்காளி வீட்டுப் பையன்கள் என் மகளை மலைக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தைப் படித்துவிட்டு அவர்களில் ஒருவன் தன் அம்மாவிடம் போய், "எனக்கு எவ்ளோ தவுடு குடுத்தீங்க? எந்த ஆடு தின்னுச்சு?" என்று கேட்டானாம். "சும்மா சொன்னோம்டா" என்று அவள் சொல்ல, அவன் அழுதுகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். "எங்கூட்ல பொய்யாச் சொல்லியிருக்காங்க" என்றான். மகள் அவனுக்கு ஆறுதல் சொன்னாள். "சித்திரையில மேல போவேன், வா, ராஜாவைக் காட்டறேன்."

பின்னாளில், தூரத்து ஊர்க்காரப் பெண்ணொருத்தி தன் வளர்ப்பு மகளோடு எங்கள் மண்டிக்கு வந்தாள். தீர்த்தமலைக் கோயிலுக்கு வந்தவர்கள் வழியில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை கையில் அட்டை கிழிந்த எங்கள் புத்தகம். "இதைப் படிச்சப்புறம்தான் இவ என்னைக் கேள்வி கேக்கவே ஆரம்பிச்சா. அதுக்கு முன்னாடி கேக்காம உள்ளயே வெச்சிருந்தா" என்றாள் அம்மாக்காரி. பிள்ளை என் மகளின் காலைப் பார்க்க வேண்டும் என்றது. அப்போது ஆசிரியை ஆகிவிட்டிருந்த என் மகள், செருப்பைக் கழற்றிக் காட்டினாள். அந்தப் பிள்ளை தன் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "எனக்கு வேற மாதிரி இருக்குது" என்றது. "யாரு மாதிரின்னு தேடு" என்றாள் என் மகள். டீச்சரம்மா அப்போது இல்லை. இருந்து அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். டீச்சரம்மா முதல் அச்சுக்கே ஒரு நன்றிப் பக்கம் எழுதி, அதில் என் பெயரைப் போட்டிருந்தார். நான் என் கண்ணால் பார்த்தேன். அச்சுக்கூடத்தில் காகிதம் போதவில்லை என்று அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். யார் கொண்டு வந்த காகிதம் என்று கேட்கிறேன். அடுத்த அச்சில் சேர்ப்போம் என்று அவர் வருத்தப்பட்டுச் சொன்னார். பிறகு மாற்றலாகிப் போனார், காலமும் ஆனார். அடுத்த அச்சில் கடைசிப் பக்கத்தில் உதவிய அன்பர்களுக்கு நன்றி என்று போட்டார்கள். அன்பர்கள் என்றால் யார்? தெருவில் போகிறவனும் அன்பர்தான்.

மறுபடி அச்சிடப் போவதாக மகள் சொல்கிறாள். அதனால் அச்சிடுகிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். டீச்சரம்மாவின் பெயரை மேலே, பெரிய எழுத்தில் போடுங்கள். அதில் எனக்குப் பங்கு வேண்டாம். அவர் மாதிரி ஒருத்தர் இனி எங்கள் பள்ளிக்கு வரப்போவதில்லை. அதற்குக் கீழே என் பெயரைப் போட்டு, காகிதம், கடைசி வரி, படத்தில் பாதிக் கால், எல்லாவற்றுக்கும் முதலாக ஒரு முறம் தவிடு, இவ்வளவும் கொடுத்தவர் என்று எழுதுங்கள். தவிடு சும்மா சொன்னதில்லை, நிஜமாகவே கொடுத்தது என்றும் சேருங்கள்.

இந்த இடத்தில் என் மகள் ஓரத்தில் பென்சிலால், 'தவிட்டைத் தின்ற ஆட்டையும் போட வேண்டும்' என்று எழுதியிருக்கிறாள். போடுங்கள். ஆனால் என் பெயருக்குக் கீழே.